லயத்து நாயும் தாமான் நாயும்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் விடியற்காலையைக் கண்ணால் காண்பதற்கு முன் காதால் அறிந்தவர்கள். பிரட்டுக்களத்தில் தண்டலின் குரல் எழுவதற்கு முன்பே லயத்தின் ஒரு கோடியில் நாயொன்று குரைக்கும். அதற்கு மறுமொழி கூறுவதுபோல் அடுத்த லயத்து நாய்கள் குரல் கொடுக்கும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, காண்டாக் கம்பில் வாளிகளை மாட்டிக்கொண்டு பால்வெட்டச் செல்லும் பெண்ணுக்கு முன்னால் வால் ஒன்று இருளில் ஆடிக்கொண்டே போகும். இரப்பர் மரங்களுக்கிடையே காட்டுப்பன்றி நின்றாலும், சருகில் பாம்பு கிடந்தாலும், மனிதக் கண் காணுமுன் நாயின் மூக்கு கண்டுவிடும். அது நின்று உறுமினால் பின்னால் வருபவரும் நின்றுவிடுவார். மருத்துவமனைக்கு நெடுந்தொலைவான ஒரு காட்டில் அந்த ஓர் உறுமல் எத்தனை உயிர்களைக் காத்ததென்று கணக்கெடுத்தவர் எவருமில்லை.

அந்த நாயை எவரும் விலை கொடுத்து வாங்கியதில்லை. கோயில் மேட்டிலோ, ஆயாக் கொட்டகையின் பின்புறமோ, ஸ்டோர் ஓரத்திலோ ஈன்ற குட்டிகளுள் ஒன்று குழந்தைகளின் கால்சட்டைப் பையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். மணி என்றும், கறுப்பன் என்றும், டைகர் என்றும் பெயர் சூட்டப்படும். துரையின் பங்களாவில் இறைச்சி தின்று வளர்ந்த நாயின் பெயரையே, கஞ்சி குடித்து வளரும் லயத்து நாய்க்குச் சூட்டி மகிழ்ந்தவர்களும் உண்டு. அது ஒரு வகையான பழிவாங்கல் போலும்! பழைய சோறு, கருவாட்டுத் தலை, குழம்பு வழித்த தட்டு, இவையே அதன் உணவு. ஒரு வீட்டில் உண்டு, மறுவீட்டு வாசலில் உறங்கி, மூன்றாம் வீட்டுப் பிள்ளையோடு பள்ளிக்கூட வேலிவரை நடந்து திரும்பும். அது ஒரு குடும்பத்தின் நாயன்று; லயத்தின் நாய்.

இந்த நினைவில் இனிமை உண்டு. ஆனால் முழு உண்மை அதில் இல்லை. சொறி பிடித்த நாயின் முதுகில் லாரியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைப் பூசியதும், உண்ணி மொய்த்த காதில் மண்ணெண்ணெய் தடவியதும் அதே லயத்தில்தான். தோலின் வழியே உள்ளிறங்கியும், நாய் தன்னை நக்கிக்கொள்ளும்போது வயிற்றுக்குள் சென்றும் அவ்வெண்ணெய்கள் நஞ்சாகும் என்பதை அன்று சொல்ல ஆளில்லை. பெண் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சாலைச் சந்திப்பில் விட்டுவருவது வழக்கமாகவே இருந்தது. பிழைத்தவை பிழைத்தன. பிழைத்தவற்றை மட்டுமே நினைவு வைத்திருக்கும் இயல்பு மனிதருக்கு உண்டு.

நாயைப் போற்றுவதிலும் இழிப்பதிலும் தமிழர் ஒருபோல முன்நின்றவர்கள். வசைச் சொல்லாக அதன் பெயரை வழங்கும் இதே மொழியில்தான் நாலடியார், யானையோடு ஒப்பிட்டு நாயின் நட்பை உயர்த்துகிறது. திருவண்ணாமலை வட்டாரத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனுக்காக நட்ட அக்கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அதன் பெயரும், கள்வரைக் கடித்து நின்ற அதன் செயலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதிய இனத்தார்தாம், தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட நாளில் நாயை மட்டும் லாரியில் ஏற்றாமல் விட்டுவந்தனர்.

அவர்கள்மேல் மட்டும் பழி சுமத்துவது முறையன்று. இரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும், செம்பனையையும் அழித்து வீடமைப்புப் பகுதிகள் எழுந்தபோதும், குடும்பங்களுக்கே போக்கிடம் உறுதியாக இல்லை. மலிவு விலை அடுக்குமாடிகள் பெரும்பாலானவற்றில் நாய் வளர்க்க இசைவும் கிடைப்பதில்லை.

கெடா மாநிலத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டிய முதியவர் ஒருவர், மகன் எடுத்த அடுக்குமாடி வீட்டின் நான்காவது மாடிக்குக் குடிபெயர்ந்தார். வெள்ளச்சி என்ற அவருடைய நாய் லயத்திலேயே தங்கிவிட்டது. நாள்தோறும் மாலையில் சோற்றுப் பொட்டலத்தை மிதிவண்டியில் மாட்டிக்கொண்டு அவர் பழைய தோட்டத்துக்குப் போய்வருவார். லயம் இடிக்கப்பட்டது, வெள்ளச்சி வாசற்படி இருந்த இடத்திலேயே படுத்திருந்தது. சில மாதங்களில் அது குட்டி ஈன்றது. ஈன்ற ஐந்தில் இரண்டு பிழைத்தன. மனிதக் கை பட்டறியாத அக்குட்டிகள் அவர் அருகில் சென்றால் பல்லைக் காட்டின. அவையும் ஈன்றன. மூன்றாம் ஆண்டில் அந்த மேட்டில் பதினைந்துக்கும் குறையாத நாய்கள் கூட்டமாகத் திரிந்தன. பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் குழந்தைகளை அவை துரத்தலாயின. 2015ஆம் ஆண்டில் வெறிநாய்க்கடி நோய் வடமாநிலங்களில் தலைகாட்டியபோது, அங்கிருந்தவை யாவும் பிடித்துச் செல்லப்பட்டன. மறுநாள் மாலையும் முதியவர் பொட்டலத்தோடு போனார். வீடு திரும்பிய பின்னர் அவர் எதுவும் பேசவில்லை என்றும், பொட்டலம் பிரிக்கப்படாமலே மிதிவண்டியில் தொங்கியது என்றும் அவர் மருமகள் கூறுவதுண்டு.

இரண்டு கை அரிசிச் சோற்றைத் தவறாமல் கொண்டுசென்ற அவருடைய அன்பில் குறையில்லை. வெள்ளச்சிக்கு ஓர் அறுவை மருத்துவமும் ஓர் ஊசியும் கிடைத்திருந்தால் அந்தக் கூட்டமே உருவாகியிருக்காது என்பதுதான் இதிலுள்ள வருத்தம். நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஆண்டுக்கு இருமுறை அது சினைப்படக்கூடும். கருத்தடை செய்வது பாவம் என்று கூறுவோர் இன்றும் உண்டு. சாக்கில் கட்டி விடப்பட்ட குட்டிகளைப் பற்றி அவர்கள் அதே குரலில் பேசுவதில்லை.

வெறிநாய்க்கடி நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் காணப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் சரவாக் மாநிலத்தின் செரியான் பகுதியில் அது வெடித்தெழுந்தபோது முதலில் பலியானவர்கள் குழந்தைகள். அதன் பின்னர் அம்மாநிலத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் அந்நோய்க்கு இரையாகியுள்ளன. வெறிநோய் என்று ஐயுறத்தக்க விலங்குகளால் கடிபடுவோருள் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்டோர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது, குழந்தை ஓடுகிறது, கடிபட்டதை, அடிக்கு அஞ்சி, வீட்டில் சொல்லாமல் மறைக்கவும் செய்கிறது. கடைசியாகக் கூறியதுதான் மிகக் கொடியது.

நோய்க்கிருமி கடிவாயிலிருந்து நரம்பின் வழியே மூளையை நோக்கி மெல்ல ஏறிச் செல்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம்வரை வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. அடையாளம் தெரிந்த பின்னர் மருந்து எதுவும் ஏறத்தாழப் பயன்படுவதில்லை. ஆகவே அந்த மெல்லிய நடைக்கு இடையில்தான் மருத்துவத்துக்கு வழியிருக்கிறது. 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர், கடிபட்டு வந்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டு அவ்வழியைத் திறந்துவைத்தார். புண்ணைச் சவர்க்காரத்தாலும் ஓடும் நீராலும் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். அதன்பின் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மிளகாய்த்தூளை அப்புவதும், சுண்ணாம்பு தடவுவதும், புகையிலையை வைத்துக் கட்டுவதும் புண்ணை மேலும் கிளறுமேயன்றிக் கிருமியைக் கொல்லா. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டிருப்பவர் வீட்டில் இந்த அச்சம் பெரும்பாலும் எழுவதில்லை. ஓர் ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பர். எஞ்சிய முப்பதும் அந்த எழுபதின் நிழலில் வாழும்.

சங்கிலி என்றதும் தாமான் நாய் நினைவுக்கு வருகிறது. லயத்து நாய் சங்கிலியை அறியாது. வரிசை வீடுகள் நிறைந்த இன்றைய தாமானில், இரும்புக் கதவுக்குப் பின்னால், மூன்றடிச் சங்கிலியின் நுனியில் ஒரு நாய் நிற்கிறது. திருடன் வருவான் என்று வாங்கி வந்தார்கள். அன்றிலிருந்து அது தரையில் வரைந்த ஓர் அரைவட்டத்துக்குள் வாழ்கிறது. நடுப்பகலில் சிமெந்துத் தரை கொதிக்கும். மனிதனைப்போல் உடலெங்கும் வியர்க்கும் வசதி நாய்க்கு இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதன் உடற்சூடு இயல்பாகவே 38 முதல் 39 பாகை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு இடர். தண்ணீர்த் தட்டு கவிழ்ந்து கிடக்க, வீட்டார் யாவரும் வேலைக்குப் போயிருக்க, அது நாளெல்லாம் குரைக்கிறது. அக்குரைப்பைக் காவல் என்று வீட்டார் எண்ணுகின்றனர். அதைக் கேட்டுச் சலித்த அண்டை வீட்டார் உண்மையாகவே திருடன் வரும் நாளில் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

அண்டை வீட்டாரைப் பற்றி ஒரு சொல் கூறியாக வேண்டும். ஷாஃபி நெறியைப் பின்பற்றும் முஸ்லிம் பெருமக்களுக்கு நாயின் உமிழ்நீர் பட்ட இடத்தை ஏழுமுறை கழுவுவது, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவுவது, சமயக் கடமை. மாலையில் கதவைத் திறந்து நாயை அவிழ்த்துவிட்டு, 'அது கடிக்காது' என்று சிரிப்பவர், தம் சோம்பலின் சுமையை அடுத்த வீட்டுப் படிக்கட்டில் இறக்கி வைக்கிறார். வாரைக் கையில் பிடித்துக்கொண்டு, கழிவை எடுக்கத் தாளும் பையும் கொண்டு, நாயோடு தானும் நடப்பவரிடம் அதே அண்டை வீட்டார் நின்று நலம் விசாரிப்பதைப் பல தாமான்களில் காணலாம்.

நோய்களுள் பெரும்பாலானவை கண்ணுக்குப் புலப்படாமலே வருவன. கொசு கடித்து உட்புகும் புழு, நாயின் இதயத்திலும் நுரையீரல் நாளத்திலும் ஓரடி நீளத்துக்கு வளரும். நாய் இருமத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். மாதம் ஒருமுறை தரும் மருந்து அதனைத் தடுத்துவிடும். உண்ணி நாயின் மேல் மட்டுமன்றிச் சுவர்ப் பிளவிலும் குடியிருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால், நாயை மட்டும் கழுவிச் சுவரை விட்டவர் பாடு வீண். 1978ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் நச்சுக்கிருமி குட்டிகளுக்குக் கூற்றுவன். வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டு இரண்டு மூன்று நாளில் குட்டி மாய்ந்துவிடும். கிருமியோ மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். குட்டி இறந்த துயரை ஆற்ற மறுவாரமே வேறொரு குட்டியை அதே தரையில் விடுபவர்கள், அறியாமலே இரண்டாவது குழியையும் தோண்டுகிறார்கள். வெங்காயம் மிகுந்த குழம்புச் சோறும் சொக்கோலேட்டும் நாய்க்கு ஆகா. வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் கிழிக்கும். இவையெல்லாம் அன்பின் பெயரால் தட்டில் விழுபவை.

சட்டமும் முன்போல் இல்லை. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விலங்கைத் துன்புறுத்தியவருக்கு நெடுங்காலம் 200 ரிங்கிட்டே அபராதமாக இருந்தது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் அதனை 20,000 முதல் 100,000 ரிங்கிட்வரை உயர்த்தி, சிறைத் தண்டனைக்கும் வழிவகுத்துள்ளது. ஆயினும் மூன்றடிச் சங்கிலியைப் பத்தடியாக்கும் மனம் நீதிமன்றத்திலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் அது வீட்டிலுள்ள சிறு பிள்ளையிடமிருந்தே வருகிறது.

பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பிழைக்கப் போய்விட்ட வீடுகளில், பேச்சுத் துணைக்கு ஒரு நாயே எஞ்சியிருக்கும் முதியோர் பலர் உள்ளனர். கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், தமக்காக அடுப்பு மூட்டச் சலித்தாலும் நாய்க்குச் சோறு வடிக்க வேண்டுமே என்று எழுந்துவிடுகிறார். வடித்த சோற்றில் தாமும் இரு கவளம் உண்கிறார். காலையும் மாலையும் அதை நடத்திச் செல்வதால் அவருடைய முழங்கால் முடங்காமல் இருக்கிறது. அந்த வீட்டில் எது எதனைக் காக்கிறது என்று பிரித்துச் சொல்லுதல் அரிது.

அவ்வாறு பத்துப் பன்னிரண்டு ஆண்டு உடன் வாழ்ந்த நாய்க்குக் கண்ணில் வெண்படலம் படரும், காதும் மந்தமாகும். அப்போது அதன் தண்ணீர்த் தட்டை இடம் மாற்றலாகாது. பின்னாலிருந்து திடீரெனத் தொட்டால் அஞ்சிக் கடித்துவிடக்கூடும். ஆதலால் முன்னால் வந்து, தரையைக் காலால் மெல்லத் தட்டி, அதிர்வை அது உணர்ந்து முகத்தைத் திருப்பிய பின்னரே கையை நீட்ட வேண்டும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது மூதாட்டி முதலில் கற்றுக் கொடுப்பது அதைத்தான்.