சொல்லாமல் விட்ட உறவு

என் பெண் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கையில் எப்போதும் ஓர் இங்கிலீஷ் நாவல் இருக்கும். நான் பத்தாவதோடு நின்றவள். அவள் கதை சொன்னால் கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். சென்ற மாதம் ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவள் சொன்ன கதை, பல வருஷமாக நான் மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததைத் திறந்துவிட்டது.

'லிட்டில் ஒயிட் லைஸ்' என்று நாவலின் பெயர். ஜெனிஃபர் லின் பார்ன்ஸ் என்ற பெண்மணி எழுதி, 2018-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பரம்பரைப் பணக்காரக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டாம். பதினெட்டு வயதையொட்டிய பெண்களுக்கு வெள்ளை கவுனும் வெள்ளைக் கையுறையும் அணிவித்து, பெரிய விருந்துக்கு அழைத்து வருவார்கள். தகப்பனார் கையைக் கோத்தபடி பெண் நடந்து வந்து, சபைக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.

கதாநாயகி சாயர், கார் ரிப்பேர் செய்யும் பெண். அவளுடைய அம்மா அப்படியொரு பெரிய வீட்டில் பிறந்து, வயிற்றில் பிள்ளையோடு வெளியே தள்ளப்பட்டவள். ஒரு நாள் பாட்டி வந்து நிற்கிறாள். அந்த விருந்துகளில் நீ கலந்துகொண்டால் லட்சக்கணக்கில் டாலர் தருகிறேன் என்கிறாள். பெண்ணும் சம்மதிக்கிறாள். பணத்துக்காக மட்டுமா? தன்னைப் பெற்றவர் யார் என்ற மர்மம் அந்தக் கூட்டத்துக்குள்தானே ஒளிந்திருக்கிறது!

"அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற விருந்தும்மா. அவளுக்கோ அப்பா யாருன்னே தெரியாது!" என்றாள் என் பெண்.

"பணக்காரங்க கதை. நிஜத்தில இப்படியெல்லாம் நடக்குமாடி?" என்று கேட்டுவிட்டேன்.

மறுநாளே நிஜக் கதை ஒன்றோடு வந்தாள்.

அதே தென் பகுதியில், சவுத் கரோலினா மாநிலத்தில், ஸ்ட்ராம் தர்மண்ட் என்று பெரிய அரசியல்வாதி இருந்தார். கவர்னராக இருந்தவர், பல பத்து வருஷம் செனட்டர். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகப் பழகக் கூடாது என்று சொல்லியே 1948-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்றவர். 1957-ல் கறுப்பர்களின் உரிமைச் சட்டத்தை எதிர்த்து, 24 மணி நேரத்துக்கும் மேலாக நின்றபடியே பேசியவர்.

அந்த மனிதருக்கு 22 வயதில், அவர் வீட்டில் வேலை செய்த கேரி பட்லர் என்ற கறுப்பினச் சிறுமியிடம் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது! கேரிக்கு அப்போது 16 வயதுகூட நிறைந்ததோ இல்லையோ. 1925-ல் பிறந்த அந்தக் குழந்தை எஸ்ஸி மேயை, கேரியின் சகோதரி பென்சில்வேனியாவில் வைத்து வளர்த்தார். பதின்மூன்றாம் வயதில்தான், தன்னை வளர்ப்பவர் பெற்ற தாய் இல்லை, கேரிதான் தாய் என்று எஸ்ஸி மேக்குத் தெரிந்தது. 1941-ல் கேரி அவளைத் தகப்பனாரிடம் அழைத்துப் போய்க் காட்டினார். அவர் வெள்ளைக்காரர் என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரியும்.

தர்மண்ட் படிப்புக்குப் பணம் கொடுத்தார். பேர் கொடுக்கவில்லை. எஸ்ஸி மே டீச்சராகி, நாலு பிள்ளைகளைப் பெற்று, வாயைத் திறக்காமலே இருந்தார். 2003 ஜூனில் தர்மண்ட் 100 வயதில் இறந்தார். அந்த டிசம்பரில், 78-ஆம் வயதில், எஸ்ஸி மே ஊரறிய உண்மையைச் சொன்னார். தர்மண்ட் குடும்பத்தாரும் மறுக்கவில்லை. 2004-ல் கொலம்பியா நகரில் தர்மண்டின் சிலைப் பீடத்தில், பிள்ளைகள் நான்கு என்று வெட்டியிருந்ததை ஐந்து என்று திருத்தி, எஸ்ஸி மே பெயரையும் சேர்த்தார்கள். கல்லில் திருத்திய தடம் தெரியுமாம்.

இதைக் கேட்டதும் என் கை கீரையில் நிற்கவில்லை. "ஏம்மா அழறே?" என்றாள்.

சகோதரிகளே, என்னை வளர்த்த அம்மா என்னைப் பெற்றவர் இல்லை. அவருக்குக் குழந்தை இல்லை. தங்கைக்கோ வரிசையாக நாலு. நாலாவதாகப் பிறந்த என்னை அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் யாரும் என்னிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில், ஒரு கல்யாணப் பந்தியில், யாரோ ஒரு மாமி, "பெத்தவளை உரிச்சு வெச்சிருக்கா" என்று சித்தியைக் காட்டிச் சொன்னாள். இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அன்றிலிருந்து அம்மாவிடமும் கேட்கவில்லை, சித்தியிடமும் கேட்கவில்லை. அம்மா போயே ஆறு வருஷமாகிறது.

அவ்வளவையும் என் பெண்ணிடம் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அதான் சின்னப் பாட்டி ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் உன் தலையைத் தடவிக்கிட்டே நிப்பாங்களாம்மா?"

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை!

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தத்துப் பிள்ளையோ, அக்கா பிள்ளையோ, அதற்கு விவரம் புரிகிற வயதில் மடியில் உட்கார்த்தி நீங்களே சொல்லிவிடுங்கள். நாம் சொன்னால் அது உறவு. பந்தியில் அடுத்தவர் சொன்னால் அது காயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனோம். எழுபது தாண்டியவர். வாசலிலேயே, "அம்மா, சௌக்கியமா?" என்றேன். பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். காபி போடுகிற வரைக்கும் கையை விடவே இல்லை.