ஒரகடத்துப் பலகையில் கீரைப் பாத்தி

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தை நெருங்கும்போது கார், லாரி, டயர் தொழிற்சாலைகளின் மதில்கள் நீண்டுகொண்டே போகின்றன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இப்பகுதியில் பல குடும்பங்களுக்கு இன்று மிஞ்சியிருப்பது வாசலும் கொல்லையும்தான். அங்கும் கட்டட இடிபாடு கலந்த இறுகிய மண். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கும். இதற்குக் கைகொடுப்பது மேட்டுப்பாத்திப் பெட்டி.

தொழிற்சாலைகளுக்குச் சரக்கு வந்திறங்கும் பேலட் பலகைகளே பெட்டிக்குப் போதும். பழைய மரக்கடையில் வாங்குமுன் கதிர் படம் போட்ட முத்திரையைப் பார்க்க வேண்டும். 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பூச்சி நீக்கியது. அதுவும், எண்ணெய்க் கறை படிந்ததும், முத்திரை இல்லாததும் உணவுப் பயிருக்கு வேண்டாம்.

நீளம் 4 அடி, அகலம் 2 அடி, உயரம் 1 அடி இருந்தால் கீரை, மிளகாய், கத்தரி வரும். தரையில் வைக்கும் பெட்டிக்கு அடிப்பலகை தேவையில்லை. மண்ணைக் கொத்திவிட்டு வைத்தால் போதும். மொத்தக் கொள்ளளவு 8 கன அடி. அதில் செம்மண் 4, நன்கு மக்கிய தொழுவுரம் 2, உப்புப் போகக் கழுவிய தென்னை நார்க்கழிவு 2 கன அடி. மூன்றையும் வெளியிலேயே கலந்து நிரப்ப வேண்டும். அடியில் ஜல்லி பரப்பினால் வேருக்கு இடம்தான் குறையும். சில வாரங்களில் கலவை இறங்கும். மக்கிய உரம் போட்டு மட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

போன வயலை இந்தப் பெட்டி மீட்டுத் தராது. ஆனால், சிறுகீரை விதைத்தால் 25 நாளில், ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைக்கு வீட்டுக் கீரையே சோற்றுக்கு இருக்கும்.