வராந்தா பெஞ்சு

தேவகோட்டை கோட்டாட்சியர் அலுவலகம். காலை பத்தரை. வராந்தாவில் நீள பெஞ்சு. ஒரு நுனியில் பெரியவர். மடியில் மஞ்சப்பை. மனு நகலை எடுக்கிறார். ஆதார் ஜெராக்ஸை எடுக்கிறார். ஒரு போட்டோவை எடுக்கிறார். மூன்றையும் அதே வரிசையில் உள்ளே வைக்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுக்கிறார்.

பெஞ்சின் மறுநுனி காலி.

மகன் வேப்பமரத்தடியில் நிற்கிறார். நாற்பதைத் தாண்டியவர். திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. பஸ் ஸ்டாண்டில் மாற்றியிருக்க வேண்டும். கேட்டைப் பார்க்கிறார். செல்போனைப் பார்க்கிறார். அதைப் பையில் போடும்போது மட்டும் பெஞ்சு கண்ணில் படுகிறது.

ஒரு பையன் ஹெல்மெட்டோடு வந்து லைசென்ஸ் கேட்கிறான். அது வேற ஆர்.டி.ஓ. என்கிறார் டபேதார். தினமும் சொல்கிற முகம்.

கூப்பிடுகிறார்கள். பெரியவர் முதலில் நுழைகிறார். மகன் செருப்பைக் கழற்ற நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறார்.

கிளார்க் ஆதாரைச் சரிபார்க்கிறார்.

"இனிஷியல் ரா. ரா-ன்னா?"

மகன் பெரியவர் பக்கம் தாடையை ஆட்டுகிறார். "இவருதான்."

கிளார்க் மனுவை வாசிக்கிறார். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக வெளியூரில் வசித்து வந்தேன்.' ஒரே வரி.

"எந்த வருஷத்துலேருந்துன்னு இருக்கா சார்?"

"வருஷம் போடல."

"1989. நான் மூணாங்கிளாஸ்."

கிளார்க் பேனாவைத் திறக்கிறார். எழுதாமல் மூடுகிறார்.

2007ஆம் ஆண்டுச் சட்டம். பெற்றவரைப் பிள்ளை பராமரிக்க வேண்டும். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பெற்றவர் பிள்ளையைப் பராமரித்தாரா என்று கேட்கும் பிரிவு அதில் இல்லை.

அதிகாரி அம்மா கண்ணாடியை இறக்குகிறார். "அப்பாவைப் பாத்துக்கிறதுல என்ன சிரமம்?"

"சிரமம் ஒண்ணும் இல்ல மேடம்."

"எவ்வளவு குடுக்க முடியும்?"

"மூவாயிரம்."

"ரெண்டு போதும்மா" என்கிறார் பெரியவர், அதிகாரியிடம்.

"மூணே எழுதுங்க" என்கிறார் மகன், அதிகாரியிடம்.

"கூட வச்சுக்கிறீங்களா?"

சுவரில் கூட்டுறவு வங்கி காலண்டர். மகன் தேதி தேதியாகப் படிக்கிறார்.

"பேங்க்ல போட்டுடுறேன்."

பெரியவர் போட்டோவை மேஜையில் வைக்கிறார். யாரும் கேட்கவில்லை. கல்யாணப் போட்டோ, கறுப்பு வெள்ளை, பொண்ணு கேமராவைப் பார்க்கவில்லை. அதிகாரி பார்த்துவிட்டு மகன் பக்கம் நகர்த்துகிறார். மகன் பார்க்கிறார். திருப்பி ஸ்டுடியோ முத்திரையைப் பார்க்கிறார். மறுபடி முன்பக்கம். பிறகு சட்டைப் பையில் வைக்கிறார். பெரியவர் கையை நீட்டவில்லை.

கையெழுத்து. ரேகை. முத்திரை.

வெளியே டீக்கடை. மகன் முன்னால், பத்தடி பின்னால் பெரியவர். மகன் திரும்பிப் பார்க்கவில்லை. ரெண்டு டீ சொல்கிறார்.

"அப்பாவுக்குச் சீனி போடலாமா?" மாஸ்டர் கேட்கிறார்.

"அவரையே கேளுங்க."

"அரைச் சீனி" என்கிறார் பெரியவர். கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்கிறார். ஆறும்வரை குடிக்கவில்லை.

"பிள்ளைங்க?"

"ரெண்டு."

"என்ன படிக்குதுக?"

"பெரியவ எட்டு. சின்னவன் மூணாங்கிளாஸ்."

அடுத்த கேள்வி வரவில்லை. பெரியவர் மஞ்சப்பையில் சில்லறை தேடுகிறார். ஒரு பத்து ரூபாய் கிடைக்கிறது. இன்னும் துழாவுகிறார். மகன் செல்போனைக் கல்லாவுக்கு நேரே பிடிக்கிறார். கல்லாவில் இருக்கும் பெட்டி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறது: முப்பது ரூபாய் பெறப்பட்டது.