தெரியாதபோது சிவப்பு

திருத்தணிகை மலையின் 365 படிகளும் ஆண்டின் நாட்களைக் குறிப்பன என்பதைத் தமிழ்நாட்டில் அறியாதார் அரியர். ஆயின், அரக்கோணத்தினின்று புறப்பட்டு அவ்வூரைக் கடந்து ரேணிகுண்டாவை நோக்கி ஆந்திர எல்லைக்குட் புகும் இருப்புப்பாதையையும், அதன் ஓரத்தே இரவெல்லாம் விழித்து நிற்கும் கைகாட்டி விளக்குகளையும் கருத்தூன்றி நோக்குவோர் சிலரே. அவ்வூரிற் பிறந்த யாமும் நெடுநாள் அவற்றைப் பொருட்படுத்தாதிருந்தோம். எமக்கு நேர்ந்த ஒரு துன்பமே அவற்றின் பெருமையை எமக்கு உணர்த்தியது. எமது கலாசாலை நண்பர்க்கு அதனை உரைத்தல் பயனுடைத்தாம் என எண்ணி இதனை எழுதத் துணிந்தோம்.

எம் அன்னையார் திருத்தணியிலுள்ள பழைய வீட்டில் தனியே வாழ்பவர். யாமோ அலுவல் காரணமாகச் சென்னையில் வசிக்கின்றோம். கதவு திறந்திருப்பதை அறிவிக்கும் கருவி, சமையல் வாயு கசிந்தால் அறிவிக்கும் கருவி, தண்ணீர் மோட்டாரை நிறுத்தும் கருவி ஆகியவற்றை வாங்கி அவ்வீட்டிற் பொருத்தினோம். அவை ஒவ்வொன்றும் தனித்தனி முறையிற் பேசுவன. ஆதலின் அவற்றையெல்லாம் ஒன்றுகூட்டி எமது கைப்பேசியிற் காட்டும் மென்பொருள் ஒன்றை யாமே எழுதினோம். கதவு மூடியிருந்தால் ஒரு பச்சைப் புள்ளி தோன்றும்; திறந்திருந்தால் சிவப்பு. அதனைக் கண்டவர் புகழ்ந்தனர். யாமும் சிறிது செருக்குற்றோம்.

ஓர் ஐப்பசி மாதத்து மழையிரவில் ஊரில் மின்சாரம் நின்றது. வீட்டிலிருந்த இணையப் பெட்டியும் அணைந்தது. கொடியிற் கிடந்த துணிகளை எடுக்கப் பின்கதவைத் திறந்து வெளியே சென்ற அன்னையார், ஈரப் படியில் வழுக்கி வீழ்ந்தார், எழ இயலவில்லை. உறங்கச் செல்லுமுன் யாம் கைப்பேசியை நோக்கினோம். கதவு மூடியிருப்பதாகப் பச்சைப் புள்ளி கூறிற்று. மனநிறைவோடு உறங்கினோம். விடியற்காலையிற் பால் கொணர்ந்த பெண்மணியே அவரைக் கண்டு கூக்குரலிட்டு அயலாரை அழைத்தார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனைக் கட்டிலிற் கிடந்தபடியே அன்னையார் எம்மை நோக்கி, "ஏனப்பா, நான் விழுந்து கிடந்ததை உன் பொறி உனக்குச் சொல்லவில்லையா?" என்று வினவினார். அவ்வினாவில் சினமில்லை, அதனாலேயே அது எம்மை மிகவும் வருத்திற்று.

ஆராய்ந்து பார்த்ததிற் கருவி பொய் சொல்லவில்லை என்பது தெளிந்தது. இரவு ஒன்பது மணிக்குக் கதவு மூடியிருப்பதாக அது கூறியது உண்மையே. அதன் பின் அது பேசவில்லை. எமது மென்பொருளோ பழைய சொல்லையே புதிய செய்திபோல் விடியுமளவும் காட்டிக்கொண்டிருந்தது. மௌனத்தை நலமென்று கொண்டது எம் பிழையே.

எமது அண்டை வீட்டார் ஒருவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்; இரயில்வே கைகாட்டிப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் இதனைக் கேட்டு, "தம்பி, எங்கள் வேலையில் முதற்பாடமே இதுதானே!" என்று கூறி விளக்கலானார். தண்டவாளத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டால், அதன் ஒரு முனையிலிருந்து சிறு மின்னோட்டம் தண்டவாளங்கள் வழியே சென்று மறுமுனையிலுள்ள ரிலே என்னும் கருவியைத் தூக்கிப் பிடிக்கும். அது தூக்கி நிற்குமளவே பாதை காலியென்று கொள்ளப்படும். வண்டி வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் மின்னோட்டத்தை இடையிலேயே திருப்பிவிட, ரிலே விழும்; கைகாட்டி சிவக்கும். கம்பி அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும் அவ்வாறே விழும். நலமென்பதை இடைவிடாது மெய்ப்பித்தல் வேண்டும். மெய்ப்பியாதபோது ஆபத்தென்றே கொள்ளல் வேண்டும். அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872ஆம் ஆண்டில் இம்முறையை வகுத்தார்.

இன்று நிலையங்களிற் கைகாட்டியையும் தடத்தையும் பிணைத்து ஆளும் கணிப்பொறிகளும் இந்நெறியையே பின்பற்றுகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் ஒரே கணக்கைத் தனித்தனியே செய்து ஒப்புநோக்கும். உடன்பாடு கிட்டாதெனின் சிவப்பே. 2020ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் உரிய முறையாக ஏற்கப்பட்ட 'கவச்' என்பதும், ஓட்டுநர் சிவப்பைக் கடக்க முற்படின் தானே தடையிட்டு வண்டியை நிறுத்துவது.

எனினும் பொறியின் நேர்மை மனிதர் கையின் நேர்மைக்கு மேற்பட்டதன்று. 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில், சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் விரைவுவண்டி பக்கத்தடத்திற் புகுந்து சரக்கு வண்டியின்மேல் மோத, 290 பேருக்கு மேல் மாண்டனர். இணைப்புகளை மாற்றியமைத்தபோது நேர்ந்த பிழைகளே காரணமென விசாரணை கூறிற்று. தவறான கம்பி பொறிக்குத் தவறான செய்தியைத் தந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் கடலூரை அடுத்த செம்மங்குப்பத்திற் பள்ளி வாகனத்தின்மேல் வண்டி மோதி மூன்று மாணவச் செல்வங்கள் மாண்டனர். அங்கே இருப்புப்பாதைக் கதவு கைகாட்டியோடு பிணைக்கப்படவில்லை. கதவு திறந்திருப்பதைக் கைகாட்டி அறிய வழியில்லை.

யாம் மென்பொருளைத் திருத்தி எழுதினோம். இப்போது ஒவ்வொரு கருவியும் நிமிடத்திற்கொருமுறை தன் இருப்பை அறிவித்தல் வேண்டும். மூன்று நிமிடம் மௌனமாயின் புள்ளி சிவக்கும். எமது கைப்பேசியும் அண்டை வீட்டாரது கைப்பேசியும் ஒலிக்கும். முதல் மாதத்தில் பதினொரு முறை அது வீணே ஒலித்து இருவர் உறக்கத்தையும் கெடுத்தது. அதனை நிறுத்திவிடலாமோ என்று யாம் தயங்கியபோது அப்பெரியவர் சிரித்து, "வண்டி வீணாய் நின்றால் மக்கள் வைவார்கள், நிற்காமற் போனால் வைவதற்கு ஆளிருக்க மாட்டார்கள்" என்றார். யாம் நிறுத்தவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுட் பலர் நாளை இத்தகைய மென்பொருள்களை எழுதுவீர். பிறர் உயிர் அவற்றை நம்பியிருக்கும். அறியாததை அறிந்ததாகக் காட்டும் பழக்கம் தேர்வுக்கூடத்தில் மதிப்பெண்ணை மட்டும் கெடுக்கும்; அங்கோ அது வேறொருவர் அன்னையாரைப் படியில் வீழ்த்தி வைக்கும்.

அன்னையார் இப்போது கோலூன்றி நடக்கின்றார். பொறி திருந்தியதென்று யாம் கூறினோம். "நல்லதப்பா, ஆனாலும் பாற்காரியிடம் தினமும் குரல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்" என்றார். அவரும் கைகாட்டியின் நெறியை அறிந்தவரே.