இரும்புச் சட்டையும் தோல் சட்டையும்

போன கிழமை பத்தாம் தரத்தில் சதவீதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது. கணக்கில் சந்தேகமாக்கும் என்று நினைத்தேன்.

"சேர், ஸ்கைரிம்ல லைட் ஆர்மரா ஹெவி ஆர்மரா நல்லம்?"

வகுப்பே சிரித்தது. சேர் கேம் விளையாடுவார் என்ற இரகசியம் எப்படி வெளியே போனதோ தெரியவில்லை. மணியும் அடித்துவிட்டது. "பிறகு சொல்றன் மகன்" என்று தப்பி வந்தேன். அந்தப் பிள்ளைக்கான விடைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: ஸ்கைரிம் 2011 நவம்பரில் பெதெஸ்டா கம்பனி வெளியிட்ட கேம். கைதியாகத் தொடங்குவீர்கள். தலையை வெட்டப் போகும் நேரம் பார்த்து ட்ராகன் ஒன்று வந்து ஊரை எரிக்கும். அந்தக் குழப்பத்தில் தப்பி ஓடுவீர்கள். பிறகு அந்தப் பெரிய பனி நாடு முழுக்க உங்கள் விருப்பம். அங்கே சீக்கிரமே எடுக்க வேண்டிய முடிவுகளில் ஒன்று, எதை உடுத்துவது என்பது. தோல், கண்ணாடி போன்ற இலேசான கவசமா, இரும்பு, உருக்கு போன்ற பாரமான கவசமா?

கணக்கு வாத்தியார் என்பதால் முதலில் எண்களைப் பார்ப்போம். இரும்பில் சட்டை, ஹெல்மட், கையுறை, சப்பாத்து நான்கும் சேர்ந்து நிறை 46, அடிப்படைப் பாதுகாப்பு 60. தோலில் அதே நான்கும் நிறை 12, பாதுகாப்பு 52. ஒரு புள்ளிக்கு விழும் அடி 0.12 வீதம் குறையும். எட்டுப் புள்ளி வித்தியாசத்தைப் பெருக்கிப் பாருங்கள். 0.96. ஒரு வீதம்கூட இல்லை! அதற்காக 34 நிறை கூடுதலாகச் சுமக்க வேண்டும். ஆரம்பத்தில் ஓர் ஆள் தூக்கக்கூடிய மொத்தமே 300தான். பாரமான கவசம் போட்டால் நடை மெதுவாகும், ஓடினால் சீக்கிரம் களைக்கும், பதுங்கிப் போனால் சத்தமும் கேட்கும்.

போகப் போக நல்ல கவசங்கள் கிடைக்கும்போது பாரமான பக்கம் முந்தும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. கேடயம் இல்லாமல் நான்கு துண்டும் அணிந்தவருக்குத் திரையில் 567 என்று காட்டினால் அடி 80 வீதம் குறையும். 567ஐத் தாண்டி எத்தனை ஆயிரம் போனாலும் அதே 80தான். கொல்லன் வேலையையும் அந்தக் கவசத்துக்குரிய திறமைகளையும் வளர்த்தால் இலேசான கவசத்தாலும் அந்த 567ஐத் தொடலாம். சென்று சேரும் இடம் ஒன்று. பாதைதான் வேறு.

இவ்வளவும் எனக்குச் சொல்லித் தந்தவன் என் தம்பி.

அவன் 2018இல் கட்டாருக்குப் போனான். போகும்போது பழைய லெப்டொப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போனான். 2020இல் பாடசாலைகளை மூடியதும் ஒன்லைன் வகுப்புக்காக அதைத் துடைத்து எடுத்தேன். உள்ளே கேம் இருந்தது. இரவில் வீடு உறங்கிய பிறகு விளையாடத் தொடங்கினேன். ஓர்க் இனத்தவன் ஒருவனைத் தெரிந்தெடுத்தேன். அவனுக்குப் பாரமான கவசம் ஆரம்பத்திலேயே 25. இரும்புச் சட்டையை மாட்டிக்கொண்டு மெதுமெதுவாக நடப்பேன்.

தம்பிக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் சிரிப்பான். "நானா, இன்னமும் அந்த இரும்புதானா?" அவனுடைய ஆள் தோல் சட்டை போட்ட பூனை முகத்துக்காரன். எங்கள் வீட்டுப் பூனையின் பெயரைத்தான் அதற்கும் வைத்திருந்தான். எங்கள் இருவருக்கும் சண்டை வராமல் பேச அந்த நாட்களில் இருந்தது இந்த ஒரு விஷயம்தான். மற்ற எதைப் பேசினாலும் வளவு, உறுதி, வீட்டுக்கடன் என்று முடியும்.

பிறகு வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தம்பி காசு அனுப்பினான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி வாங்கில் படுத்தது நான். வாப்பாவைத் தூக்கி இருத்தியது, குளிப்பாட்டியது, பாடசாலையில் லீவு கேட்டு நின்றது எல்லாம் நான். அந்த நேரத்தில் ஒரு நாள் வழக்கம்போலக் கவசப் பேச்சு வந்தது. அவன் பகிடியாகச் சொன்னான்: "நானா, ஓடத் தெரிஞ்சவனுக்கு இரும்பு எதுக்கு?"

எனக்கு எங்கோ தைத்தது. "எல்லாரும் ஓடினா ஊட்டப் பாக்கிறது யாரு?" என்று கேட்டு வைத்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு மாதம் உம்மாவின் ஃபோன் வழியாகத்தான் ஸலாம் பரிமாறினோம்.

ஏப்ரல் லீவில் ஒரு நாள் அவனுடைய பூனையின் சேவைத் திறந்தேன். அதுவரை தொட்டதில்லை. மற்றவரின் அலுமாரியைத் திறப்பது போல ஒரு கூச்சம். திறமைப் பட்டியலுக்குப் போய்ப் பார்த்தேன். இலேசான கவசம்: 94.

விளையாடுபவர்களுக்கு அந்த எண் புரியும். இந்தக் கேமில் வாள் வீசினால் வாள்திறமை வளரும், பதுங்கினால் பதுங்கும் திறமை வளரும். கவசத் திறமை மட்டும் அடி வாங்கினால்தான் வளரும். காசு கொடுத்துப் படிக்க ட்யூஷன் மாஸ்டர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் ஒரு லெவலுக்கு ஐந்து தடவைக்கு மேல் சேர்க்கமாட்டார்கள், 90க்கு மேல் அவர்களாலும் முடியாது. சில புத்தகங்கள் ஒவ்வொன்று கூட்டும். மிச்சமெல்லாம் உடம்பில் விழுந்த அடி.

ஓடித் தப்பியவனுக்கு 94 வராது.

அன்றிரவே அழைத்தேன். "டேய், 94 எப்படிடா வந்த?"

"அடி வாங்கித்தான் நானா" என்று சிரித்தான். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்புறம் அவனாகவே சொல்லத் தொடங்கினான். போன புதிதில் மூன்று மாதம் சம்பளம் கிடைக்கவில்லையாம். ஓர் அறையில் எட்டுப் பேராம். இரவில் குப்பூஸும் பருப்பும்தானாம். அந்த மூன்று மாதமும் கடன்பட்டுத்தான் வீட்டுக்குக் காசு அனுப்பியிருக்கிறான்.

"ஏன்டா சொல்லல்ல?"

"ஒங்கட பாரம் காணாதா நானா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்தக் கேமில் வெறும் கவசம் நெருப்பைத் தடுக்காது. 567 இருந்தாலும் சரி, ட்ராகன் ஊதினால் அந்தச் சூட்டில் ஒரு புள்ளிகூடக் குறையாது. கவசம் காப்பது வாள், அம்பு, கதாயுதத்திலிருந்து மட்டும். அவன் கேட்ட அந்த ஒரு கேள்வி அப்படித்தான் உள்ளே வந்தது.

என் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பாரமான கவசம் 70க்கு வளர்ந்ததும் ஒரு திறமை திறக்கும். அதை எடுத்தால் உடுத்திய கவசத்துக்கு நிறையே இல்லாமல் போகும். நடையும் மெதுவாகாது. இலேசான கவசத்துக்கு அதே சலுகை 50இலேயே கிடைத்துவிடும். வாப்பாவைத் தூக்கி இருத்த முதல் மாதம் எனக்கு முதுகு உடைந்தது. இப்போது பேசிக்கொண்டே தூக்குகிறேன். வாப்பாவின் நிறை குறையவில்லை, எனக்குப் பழகிவிட்டது. இதைத் தம்பியிடம் சொன்னேன். "அப்ப நீங்க 70 தாண்டிட்டீங்க" என்றான்.

வளவுப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது அதையும் பேசுகிறோம்.

சரி மகன், உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேரே நின்று சண்டை பிடிப்பவர் என்றால் பாரமானதை எடுங்கள். பதுங்கி அம்பு விடுபவர் என்றால் இலேசானதை எடுங்கள். இரண்டையும் கலந்து போடாதீர்கள், நான்கு துண்டும் ஒரே வகையாக இருந்தால்தான் சில திறமைகள் வேலை செய்யும். பயணத்தில் கிடைக்கும் இரும்பையும் தோலையும் வீசாமல் கொல்லன் வேலை பழகுங்கள். எதை உடுத்தினாலும் ஆரம்பத்தில் இராட்சதர்களின் முகாமுக்குக் கிட்டப் போகாதீர்கள், கதாயுதத்தால் ஒரே அடியில் வானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மற்ற வகைக் கவசம் போட்டவனைப் பார்த்து, இவன் அடி வாங்காதவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிழையை உங்கள் சேர் ஏற்கனவே செய்துவிட்டார்.

முக்கியம்: வீட்டுவேலைக் கணக்கை முடித்த பிறகுதான் கேம்.

தம்பி அடுத்த லீவுக்கு வருகிறானாம். பூனை அவனுக்காகக் காத்திருக்கிறது. அன்று பார்த்துவிட்டு சேவ் பண்ணாமலே மூடிவிட்டேன். அவன் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது.