கடற்கரைச் சாலையில் நாற்பது பாட்டு

மே மாதம் பிறந்தால் போதும், "எங்கேயாவது கூட்டிட்டுப் போம்மா" என்று குழந்தைகள் நச்சரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பினால் கையிருப்பு கரைந்துபோகும். சென்னைவாசிகளுக்கு இருக்கவே இருக்கிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. சனிக்கிழமை விடியற்காலை புறப்பட்டு, மாமல்லபுரம் பார்த்து, புதுச்சேரியில் ஒரு ராத்திரி தங்கி, ஞாயிறு மாலை வீடு திரும்பிவிடலாம். சுமார் 150 கி.மீ. நிறுத்தும் நேரத்தைக் கழித்துவிட்டால் மூன்று மணி நேர ஓட்டம்.

புளியோதரை, மோர், தொப்பி, துண்டு எல்லாம் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. நான் எழுத வந்தது பாட்டைப் பற்றி. இந்தக் காலத்தில் ஒரே காரில் ஐந்து பேர் போனால் ஆளுக்கொரு செல்போன், காதில் ஆளுக்கொரு ஒயர். மகாபலிபுரம் வந்ததுகூடத் தெரியாது! எங்கள் மகள் ப்ளஸ் டூ முடித்து, ஜூன் மாதம் வெளியூர்க் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போகிறாள். அதற்குமுன் எல்லோரும் சேர்ந்து போகும் பயணம் இது ஒன்றுதான். அதனால் ஒரே பாட்டை ஐந்து பேரும் கேட்டுக்கொண்டு போகவேண்டும் என்று தீர்மானித்தேன்.

நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது தெருமுனை ரெக்கார்டிங் கடையில் காகிதத்தில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், கேசட்டில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ஆறேழு பாட்டுதான் கொள்ளும். எது வேண்டும், எது வேண்டாம் என்று வீடே கூடி யோசிக்கும். இப்போது பென் டிரைவில் ஆயிரம் பாட்டு அடங்குகிறது. ஆனால் யோசித்துப் பொறுக்கினால்தான் ருசி. சினிமாப் பாட்டு ஒன்று சராசரி நாலரை நிமிஷம். மூன்று மணி நேரத்துக்கு நாற்பது பாட்டு. ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எட்டு. சட்டம் ஒன்றே ஒன்று: அடுத்தவர் பாட்டு ஓடும்போது "மாத்து" என்று சொல்லக்கூடாது.

பிள்ளைகளும் இவரும் பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் மாமியார்தான், "எனக்கெதுக்கும்மா பாட்டு? நீங்க கேளுங்க" என்றார். இரண்டு வருஷத்துக்கு முன் மாமனார் தவறியதிலிருந்து அவர் ரேடியோப் பக்கமே போவதில்லை. மகள் காகிதமும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, எட்டு சொன்னாத்தான் எழுந்திருப்பேன்" என்று அடம்பிடித்தாள். கடைசியில் ஒரு படத்தின் பெயர் வந்தது: 'படகோட்டி'. 1964-ல் வந்த எம்.ஜி.ஆர். படம். இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி, பாட்டெல்லாம் வாலி. கடலையும் மீனவரையும் பற்றிய கதை, நம் பயணத்துக்கு எத்தனை பொருத்தம்! ஒன்று வந்ததும் மீதி ஏழும் தானாக வந்தன.

எழுதியதை இடத்துக்கேற்ப அடுக்குவதில்தான் இருக்கிறது விஷயம். இருட்டு பிரியாத நேரத்தில் டமடம என்று மேளம் வேண்டாம். திருவான்மியூரைத் தாண்டும்வரை எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம். முட்டுக்காட்டுப் பாலத்தில் சூரியன் எழும்போது என்னுடைய இளையராஜா: 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) பாட்டுகள். இரண்டு படமும் குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் எடுத்தவை. வடநெம்மேலி முதலைப் பண்ணை தாண்டியதும் பையனின் துள்ளல் பாட்டுகள்.

மாமல்லபுரத்தில் பாட்டை நிறுத்திவிடுங்கள். எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலைக் காலை வெயில் ஏறுமுன் சுற்றிப் பார்த்துவிடலாம். அங்கே அலைச் சத்தமே போதும்.

வண்டி ஓட்டுகிறவருக்கும் சில பாட்டுகளை ஒதுக்கவேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு தாலாட்டுப் போட்டால் கண் செருகும். மதியத்துக்குச் சுறுசுறுப்பான பாட்டுகளே நல்லது. அவருக்குக் கொட்டாவி வந்தால் பாட்டை நம்பாதீர்கள். ஓரமாக நிறுத்தி, இறங்கி, சற்று ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். பாட்டை மாற்றுவது பக்கத்தில் இருப்பவர் வேலை. ஓட்டுகிறவர் கை அதில் படக்கூடாது. பின் சீட்டில் குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவுதான் சத்தம். ஆம்புலன்ஸ், லாரி ஹாரன் காதில் விழவேண்டாமா? சின்னக் குழந்தைகளின் காதுக்கும் அதுவே பாதுகாப்பு.

எங்கள் பையனுக்குக் காரில் குமட்டும். புறப்படுமுன் வயிறு முட்டக் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்தினேன். செல்போனைக் குனிந்து பார்க்கவிடாமல், தூரத்தில் தெரியும் பனைமரங்களை எண்ணச் சொன்னேன். பாட்டோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே வந்தான். பையை எடுக்கவே நேரவில்லை.

மரக்காணத்தில் சாலையோரமெல்லாம் உப்பளம். வெள்ளை வெளேரென்று குவித்து வைத்திருப்பார்கள். அங்கே வந்தபோது மாமியாரின் முறை. டி.எம்.எஸ். குரல் எழுந்ததும் காருக்குள் பேச்சு நின்றது. மாமியார் ஜன்னலைப் பார்த்தபடியே மெல்ல முணுமுணுத்தார். அப்புறம் பேத்தியிடம், "கல்யாணமான புதுசுல டூரிங் டாக்கீஸ்ல இந்தப் படத்தை மறுபடி போட்டாங்க. தரை டிக்கெட்டு. மணலைக் குவிச்சு உங்க தாத்தா எனக்கு மேடை பண்ணிக் குடுத்தாரு" என்றார். இத்தனை வருஷத்தில் இவருக்கே தெரியாத கதை அது! பையன், "பாட்டி, இன்னொரு தடவை போடட்டுமா?" என்றான்.

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் கிடையாது. முதியவர்கள் பயமில்லாமல் நடக்கலாம், குழந்தைகள் ஓடலாம். ஆனால் கடலில் குளிக்க மட்டும் அனுமதிக்காதீர்கள். உள்ளே இழுக்கும் நீரோட்டம் மேலே பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்தவரையும் அது விடுவதில்லை. கரையில் நின்று கால் நனைத்தால் போதும், அதுவும் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு.

திரும்பும்போது அதே நாற்பதையும் தலைகீழாக அடுக்கினேன். மகள் அந்தப் பட்டியலைத் தன் செல்போனிலும் ஏற்றிக்கொண்டுவிட்டாள், ஹாஸ்டலுக்காம்.

நீங்களும் போகுமுன் ஆளுக்கு எட்டு எழுதி வாங்குங்கள். வீட்டில் பெரியவர் இருந்தால், அவர் "எனக்கு வேண்டாம்" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.