மாறும் சுமை

கிழக்கே கடலும் மற்றைத் திசைகளில் தமிழ்நாடும் சூழ்ந்திருக்க, புதுச்சேரி ஆட்சிக்குட்பட்டு விளங்கும் காரைக்காலே எம் ஊர். தமிழிலக்கணம் பயிலும் எமக்கு மின்னியலோடு என்ன உறவு என நண்பர்கள் வினவுதல் கூடும். அவ்வுறவு ஒரு பிழையால் விளைந்தது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன், கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. எம் தெருவிலும் மின்சாரம் நின்றது. ஈளை நோயுற்ற பாட்டியார்க்கு மருந்தைப் புகைபோல் ஆக்கித் தரும் நெபுலைசர், இன்வெர்ட்டரின் துணையால் ஓடிக்கொண்டிருந்தது. அப்பொழுது பன்னிரண்டு வயதினராயிருந்த யாம், அவர்க்குக் கஞ்சி வைக்கக் கருதி, அரிசியை நொய்யாக்க மிக்ஸியை முடுக்கினோம். அக்கணமே வீடு இருண்டது, நெபுலைசரும் ஓய்ந்தது. தந்தையார் இன்வெர்ட்டரை மீண்டும் இயக்குதற்குச் சில நிமிடங்கள் ஆயின. அதுவரை இருளிற் கேட்ட பாட்டியாரின் மூச்சொலியை யாம் இன்றும் மறந்திலோம். இன்வெர்ட்டர் பழுதுடையதென எண்ணித் தந்தையார் அதனை விற்றவரைக் கடிந்துகொண்டார். யாமோ வாய் திறந்திலோம்.

சென்ற விடுமுறையில், திருவேட்டக்குடியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பயிலும் எம் பெரியப்பா மகனார், தம் கணினியில் ஒரு சுற்றினைக் காட்டினார். அது 24 வோல்ட் நேர்மின்னை 12 வோல்ட்டாகத் தாழ்த்தும் கன்வர்ட்டர். எம் வீட்டு இன்வெர்ட்டரும் இவ்வினத்ததே. அது பாட்டரியின் நேர்மின்னை மாறுமின்னாக்குகின்றது. கருவியைச் செய்யுமுன் அதன் நடையைக் கணக்கினால் அறிவதே கணினிப் பாவனை. அச்சுற்று நொடிக்கு 50,000 முறை திறந்து மூடுவதாதலின், அதனினும் மிக நுண்ணிய கால இடைவெளிகளில் கணக்கிடல் வேண்டும். இல்லையேல் திரையிற் காண்பது பொய்யாகும்.

அண்ணன் முதலில் 12 ஓம் மின்தடையொன்றைச் சுமையாக வைத்தார். ஓர் ஆம்பியர் ஓடியது. கோடு அசையாது நின்றது. பின்னர் ஒரு சுவிட்சின் வழியாக அத்தகைய மற்றொரு தடையைப் பக்க இணைப்பிற் சேர்த்தார். சுமை இரண்டு ஆம்பியராயிற்று. கோடு சட்டெனத் தாழ்ந்து, சற்றே நடுங்கி, மீண்டும் 12-இல் அமைந்தது. கம்பிச்சுருளின் மின்னோட்டம் நொடிப்பொழுதில் உயரமாட்டாது. குறைவை மின்தேக்கி தன் சேமிப்பினின்று ஈடு செய்தலால் அழுத்தம் தாழ்கின்றது. அதனை உணர்ந்த கட்டுப்பாட்டுச் சுற்று, மின்னை உள்ளே விடும் காலத்தை நீட்டித் தாழ்வை நிரப்புகின்றது.

“அண்ணா, மிக்ஸியை இதில் எங்கே வைத்தீர்கள்?” என்றோம்.

அவர் சற்றே சிந்தித்து, “நல்ல கேள்வி, தம்பி. தடை வேறு, மோட்டார் வேறு. நின்றிருக்கும் மோட்டார் புறப்படும்போது, ஓடும்போது கொள்வதைப் போலப் பன்மடங்கு மின்னோட்டம் கொள்ளும், வேகம் ஏற ஏற அது குறையும்” என்றார். அவ்வாறே முதலில் ஐந்து மடங்காய் எழுந்து படிப்படியே தணியும் சுமையொன்றைச் சுற்றிற் பூட்டினார். காப்புச் சுற்று உடனே மின்னை அறுத்தது. கோடு சுழியத்தில் வீழ்ந்தது. எம் கண் முன்னே அவ்விரவு மீண்டும் நிகழ்ந்தது. ஆனால் இம்முறை எவர் மூச்சும் திணறவில்லை.

பெரிய மின்தேக்கி சிறு தாழ்வைத் தாங்குமேயன்றி, அளவு கடந்த சுமையைத் தாங்காது. மூச்சுக் கருவிக்கு வழி தனியே இருத்தல் வேண்டும் என அண்ணன் கூறினார். அசையாச் சுமையில் எக்கருவியும் நன்றே தோன்றும். சுமை மாறும் கணமே அதனைச் சோதிக்கின்றது. எம்மைச் சோதித்த கணத்தில் யாம் மௌனமாயிருந்தோம்.

அன்று மாலையே தந்தையாரிடம் உண்மையை உரைத்தோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “கடைக்காரரிடம் நாளை நாமிருவரும் போவோம்” என்றார். பாட்டியார் மட்டும் கட்டிலிலிருந்தவாறே நகைத்து, “அந்தக் கஞ்சி எங்கேடா?” என்று கேட்டார்.